கற்பிக்கப் போகிறவருக்கு ஆதரவு: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணித, அறிவியல் ஆசிரியர் உருவாக்கத்தின் வரலாறு

கணிதத்திலோ இயற்பியலிலோ வேதியியலிலோ பட்டம் பெறவிருக்கும் மாணவர் ஒருவர் பள்ளி ஆசிரியராக விரும்பினால், அந்த விருப்பத்தின் குறுக்கே மூன்று தடைகள் நிற்கின்றன. அவருடைய பட்டத்துக்குத் தொழிற்சாலையும் வங்கியும் கணினி நிறுவனமும் பள்ளிக்கூடத்தைவிடக் கூடுதல் ஊதியம் தரும் என்பது முதலாவது. அவர் பயிலும் துறையின் பேராசிரியர்கள் தம்முடைய சிறந்த மாணவர் ஆராய்ச்சிக்கு வரவேண்டும் என்று எண்ணுவார்களே அன்றிப் பள்ளிக்குப் போவதை ஒரு சாதனையாகக் கருதமாட்டார்கள் என்பது இரண்டாவது. கற்பிக்கும் முறையைச் சொல்லித்தரும் கல்வியியல் துறை வேறொரு கட்டடத்தில், வேறொரு பாடத்திட்டத்தோடு இயங்குவதும், பெரும்பாலும் அவர் தம் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்துவிட்ட பின்னரே அவரைச் சந்திப்பதும் மூன்றாவது. இம்மூன்றையும் நீக்குவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடு மேற்கொண்ட முயற்சிகள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் பரவிக் கிடக்கின்றன. சட்டத்தின் மூலம் எளிதில் வழங்கக்கூடியது பணம் என்பதால் அரசு முதல் தடையை மட்டுமே நெடுங்காலம் கவனித்தது என்பதும், மற்ற இரண்டும் அறிவியல் துறைகள் ஆசிரியர் உருவாக்கத்தைத் தம் சொந்தப் பணியாக ஏற்றுக்கொண்டபோதுதான் தளரத் தொடங்கின என்பதும் இவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்கும்போது புலப்படும்.

பயிற்சிப் பள்ளியும் பல்கலைக்கழகமும்

அமெரிக்காவில் ஆசிரியரைப் பயிற்றுவிப்பதற்கென அரசு நடத்திய முதல் நிறுவனம் 1839ஆம் ஆண்டு ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் திறக்கப்பட்டது. அம்மாநிலக் கல்வி வாரியத்தின் செயலராயிருந்த ஹோரஸ் மான் அதற்காக முனைந்து உழைத்தார். சைரஸ் பியர்ஸ் அதன் முதல் தலைமையாசிரியர் ஆனார். திறப்பு நாளில் சேர்ந்த மாணவியர் மூவர் மட்டுமே. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைக் குறிக்கும் பிரெஞ்சுப் பெயரைத் தழுவி நார்மல் பள்ளி என்று அழைக்கப்பட்ட இவ்வகை நிறுவனங்கள் விரைவில் பிற மாநிலங்களிலும் பெருகின. தொடக்கக் கல்வி ஆசிரியரை உருவாக்குவதே இவற்றின் முதன்மை நோக்கமாதலால், தொடக்கப்பள்ளிப் பாடங்களை மீள ஆழமாகப் பயிற்றுவதும், கற்பிக்கும் முறையைச் சொல்லித்தருவதும், இணைந்திருந்த மாதிரிப் பள்ளியில் வகுப்பெடுத்துப் பழகச் செய்வதும் இவற்றின் நடைமுறையாக இருந்தன. உயர்நிலைப் பள்ளியில் வடிவியலும் இயற்பியலும் கற்பித்தவர்களோ பெரும்பாலும் கல்லூரிகளிலிருந்து வந்தார்கள். பாடத்தை அறிந்தவர் அதைக் கற்பிக்கவும் அறிவார் என்று கருதப்பட்டமையால் அவர்களுக்கெனத் தனிப்பயிற்சி எதுவும் வேண்டப்படவில்லை.

இந்த ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாறத் தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1879இல் கற்பித்தல் கலைக்கும் அறிவியலுக்கும் எனத் தனிப் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது. பிற பல்கலைக்கழகங்களும் தொடர்ந்து கல்வியியல் துறைகளை அமைத்தன. மறுபுறம், நார்மல் பள்ளிகள் படிப்படியாக ஆசிரியர் கல்லூரிகளாகவும், பின்னர் எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களாகவும் உருமாறின. 1882இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய நார்மல் பள்ளி 1919இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தென் கிளையாகி, இன்று உலகறிந்த ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாக விளங்குவது இம்மாற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. இதன் விளைவாகப் பாடமும் கற்பித்தல் முறையும் ஒரே வளாகத்துக்குள் வந்து சேர்ந்தாலும், அவை இரு வேறு துறைகளின் பொறுப்பாகவே நிலைத்தன. ஆராய்ச்சியால் மதிப்பிடப்பட்ட அறிவியல் துறையும், பள்ளி நிர்வாகத்தையும் உளவியலையும் முதன்மையாகக் கொண்ட கல்வியியல் துறையும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கின.

இப்பிரிவினையின் விலையை முதலில் தெளிவாகச் சுட்டியவர்களுள் ஒருவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஃபீலிக்ஸ் க்ளைன். வருங்காலப் பள்ளி ஆசிரியர்களுக்கென அவர் ஆற்றிய விரிவுரைகள் 1908 முதல் நூலாக வெளிவந்தன. பல்கலைக்கழகத்தில் நுழையும் மாணவர் தாம் பள்ளியில் கற்ற கணிதத்தோடு தொடர்பில்லாத சிக்கல்களை எதிர்கொள்கிறார் என்றும், பின்னர் ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகத்தில் கற்றதற்கு அங்கே இடமில்லாததைக் காண்கிறார் என்றும், அதனால் தமக்குக் கற்பிக்கப்பட்ட பழைய முறையையே தொடர்கிறார் என்றும் அவர் விளக்கினார். இரட்டைத் துண்டிப்பு என்று கணிதக் கல்வியாளர் குறிப்பிடும் இக்கருத்து ஜெர்மனியின் சூழலிலிருந்து எழுந்ததாயினும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் அப்படியே பொருந்தியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரும் வேதியியலாளருமான ஜேம்ஸ் கோனன்ட் 1936இல் கற்பித்தலில் முதுகலைப் பட்டம் என்னும் புதிய படிப்பைத் தொடங்கி, பாடத்துறையும் கல்வியியல் துறையும் கூட்டாக அதற்குப் பொறுப்பேற்கும்படி செய்தது இத்துண்டிப்பை நீக்குவதற்கான தொடக்ககால முயற்சியாகும். ஆயினும் அது பட்டம் முடித்தவர்களுக்கான படிப்பு. இளங்கலை மாணவர் ஆசிரியப் பணியை எண்ணிப் பார்ப்பதற்கு அது வழி செய்யவில்லை.

கடனும் அதன் தள்ளுபடியும்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. அமெரிக்கப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் போதிய தரத்தில் கற்பிக்கப்படவில்லை என்னும் குற்றச்சாட்டு அதற்கு முன்பே இருந்ததாயினும், இந்நிகழ்வு அதை நாட்டுப் பாதுகாப்புச் சிக்கலாக மாற்றியது. குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 1958 செப்டம்பர் 2 அன்று கையொப்பமிட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், கூட்டாட்சி அரசு உயர்கல்வி மாணவருக்கு நேரடியாகக் கடன் வழங்கும் ஏற்பாட்டை உருவாக்கியது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 1,000 டாலர் வரையிலும், மொத்தம் 5,000 டாலர் வரையிலும், 3 விழுக்காடு வட்டியில் கடன் பெறலாம். பள்ளி ஆசிரியராக விரும்பும் திறமையாளருக்கும், அறிவியல், கணிதம், பொறியியல், அயல்மொழி ஆகியவற்றில் சிறந்து விளங்குவோருக்கும் கடன் வழங்குவதில் முன்னுரிமை தரப்பட்டது. கடன் பெற்றவர் அரசுப் பள்ளியில் முழுநேர ஆசிரியராகச் சேர்ந்தால் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம், ஐந்து ஆண்டுகளில் கடனின் பாதி தள்ளுபடியாகும் என்பது இச்சட்டத்தின் குறிப்பிடத்தக்க கூறு.

பாதுகாப்பு அச்சத்தில் பிறந்த இச்சட்டம் அவ்வச்சத்தின் அடையாளத்தையும் சுமந்தது. கடன் பெறும் மாணவர் அரசைக் கவிழ்க்கும் கொள்கையுடைய எந்த அமைப்பையும் தாம் நம்பவோ ஆதரிக்கவோ இல்லை என்று உறுதிமொழி ஆவணம் அளிக்க வேண்டும் என அது விதித்தது. ஹார்வர்டு, யேல் முதலிய பல்கலைக்கழகங்கள் இவ்விதியை எதிர்த்து 1959இல் கடன் திட்டத்திலிருந்து விலகின. 1962இல் இந்த உறுதிமொழி விதி நீக்கப்பட்டது. 1965க்குப் பின், வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளில் கற்பிப்போருக்கு ஆண்டுக்குப் பதினைந்து விழுக்காடு வீதம் கூடுதல் விரைவில் கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. பின்னர்ப் பெயர் மாறிப் பெர்கின்ஸ் கடன் என்று வழங்கிய இத்திட்டம், கணித, அறிவியல் ஆசிரியருக்கான தள்ளுபடியோடு 2017இல் முடிவுக்கு வரும்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீடித்தது.

இத்திட்டத்தின் ஆற்றலும் எல்லையும் ஒன்றிலிருந்தே தோன்றின. அது மாணவருக்கும் அரசுக்கும் இடையிலான கணக்காக மட்டுமே இருந்தது. மாணவர் எந்தத் துறையில் பயில்கிறார், அத்துறை அவரை எவ்வாறு நடத்துகிறது, வகுப்பறையை அவர் எப்போது முதன்முதலாகப் பார்க்கிறார் என்பவை அதன் எல்லைக்கு வெளியே நின்றன. கல்லூரிச் செலவைத் தாங்க இயலாத எத்தனையோ மாணவருக்கு அக்கடன் பட்டத்தைக் கைக்கெட்டச் செய்தது. ஆனால் பட்டம் பெற்றபின் பள்ளிக்குப் போக வேண்டும் என்னும் எண்ணத்தை உருவாக்குவது அதன் வேலையாக இருக்கவில்லை. ஏற்கெனவே அவ்வெண்ணம் கொண்டவருக்கு அது பரிசாக அமைந்தது. எண்ணம் இல்லாதவரைத் திருப்புவதற்குப் பாதிக் கடனின் தள்ளுபடி போதுமான காரணமாகவில்லை.

அதே காலத்தில், 1950இல் நிறுவப்பட்ட தேசிய அறிவியல் நிறுவனம் கோடைகாலப் பயிலரங்குகளை நாடெங்கும் நடத்தி, பணியிலிருக்கும் பல்லாயிரம் ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கொண்டு பாட அறிவைப் புதுப்பித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியலாளர் ஜெரால்டு சக்கரியாஸ் 1956இல் தொடங்கிய இயற்பியல் பாடநூல் திட்டமும், கணிதவியலாளர் எட்வர்டு பெகல் 1958இல் தலைமையேற்ற புதுக் கணிதத் திட்டமும் இதே அலையில் எழுந்தவை. ஆராய்ச்சி அறிஞர்கள் பள்ளிப் பாடத்தில் அக்கறை கொண்டது இதுவே முதன்முறை அன்று எனினும், இத்தனை பெரிய அளவில் அது நிகழ்ந்தது இக்காலத்தில்தான். ஆயினும் அவர்களுடைய கவனம் பாடநூலின் மீதும் பணியிலிருந்த ஆசிரியரின் மீதும் குவிந்ததே தவிர, தம் வகுப்பில் அமர்ந்திருந்த இளங்கலை மாணவர்களுள் யார் நாளை அப்பாடநூலைக் கையிலேந்தப் போகிறார் என்னும் கேள்வியின் மீது அவ்வளவாகத் திரும்பவில்லை.

தளர்ச்சியும் புதிய விளக்கமும்

1970களில் பள்ளி மாணவர் எண்ணிக்கை குறைந்து ஆசிரியர் பணியிடங்கள் சுருங்கியபோது, ஆசிரியராக விரும்புவோரை ஊக்குவிக்கும் தேவையே இல்லை என்னும் எண்ணம் பரவியது. தேசிய அறிவியல் நிறுவனம் நிதியளித்த பள்ளிச் சமூக அறிவியல் பாடத்திட்டம் ஒன்றைக் குறித்து 1975இல் நாடாளுமன்றத்தில் எழுந்த சர்ச்சை, அந்நிறுவனத்தின் கல்விப் பணிகளுக்கே இழுக்கானது. 1980களின் தொடக்கத்தில் அதன் கல்விப் பிரிவு ஏறத்தாழ முழுமையாக ஒடுக்கப்பட்டது. ஆனால் 1983 ஏப்ரலில் வெளிவந்த 'ஆபத்தில் ஒரு நாடு' என்னும் அரசு அறிக்கை, கணித, அறிவியல் ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக இருப்பதையும், புதிதாகப் பணியமர்ந்த கணித, அறிவியல், ஆங்கில ஆசிரியருள் பாதிப்பேர் அப்பாடங்களைக் கற்பிக்கத் தகுதி பெறாதவர்கள் என்பதையும் எடுத்துக்கூறி நாட்டை உலுக்கியது. உபரி என்று கருதப்பட்டது மொத்த ஆசிரியர் எண்ணிக்கையே. குறிப்பிட்ட பாடங்களில் பற்றாக்குறை அதன் கீழே மறைந்திருந்தது.

இப்பத்தாண்டில் ஏற்பட்ட அறிவுசார் மாற்றம் பணத்தைவிடப் பின்விளைவு மிகுந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் வெளியிட்ட கட்டுரையில், பாட அறிவுக்கும் பொதுவான கற்பித்தல் திறனுக்கும் இடையில் மூன்றாவதாக ஒன்று உண்டு என்றும், அதுவே ஆசிரியருக்கு மட்டும் உரிய தொழில்அறிவு என்றும் வாதிட்டார். பாடம்சார் கற்பித்தல் அறிவு என்று தமிழில் கூறத்தக்க இது, ஒரு குறிப்பிட்ட பாடப்பொருளை மாணவர் எங்கே தவறாகப் புரிந்துகொள்வர், ஏன் அவ்வாறு புரிந்துகொள்வர், எந்த எடுத்துக்காட்டு அத்தவற்றை வெளிக்கொணரும் என்பனவற்றை அறிவதாகும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று விடை எழுதும் மாணவரின் விடை தவறு என்பதைக் கணிதம் அறிந்த எவரும் சொல்வார். தொகுதியையும் பகுதியையும் தனித்தனி முழு எண்களாகக் கண்டு அவர் கூட்டியிருக்கிறார் என்பதை உடனே உணர்ந்து, கூட்டுத்தொகை முதல் எண்ணான அரையைவிடச் சிறிதாகிவிட்டதே என்று அவரையே வியக்கச் செய்யும் கேள்வியைக் கேட்பவர் ஆசிரியர். இத்தகைய அறிவைக் கணிதத் துறை தனியாகவும் கல்வியியல் துறை தனியாகவும் கற்பிக்க இயலாது என்பது ஷுல்மனின் வாதத்திலிருந்து இயல்பாகவே பெறப்பட்டது.

ஆஸ்டின் ஏற்பாடு

இவ்வாதம் நிறுவன வடிவம் பெற்ற இடங்களுள் முதன்மையானது ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம். அம்மாநிலச் சட்டமன்றம் 1987இல் ஆசிரியர் சான்றுக்கான கல்வியியல் பாடங்களைப் பதினெட்டு அலகு நேரத்துக்குள் அடக்கி, வருங்கால ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு பாடத்துறையில் முதன்மைப் பட்டம் பெற வேண்டும் என விதித்தது. கல்வியியலாளர் பலர் இதைத் தம் துறையின் மீதான தாக்குதலாகவே கருதினர். ஆனால் கல்வியியல் பாடங்கள் சுருங்கியதால், அறிவியல் பட்டத்தையும் ஆசிரியர் சான்றையும் நான்கே ஆண்டுகளில் ஒருங்கே முடிக்கும் வாய்ப்பும் அதே சட்டத்தால் உருவானது. இயற்கை அறிவியல் கல்லூரியின் தலைவராயிருந்த மேரி ஆன் ராங்கின் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, கல்வியியல் கல்லூரியோடு இணைந்து 1997இல் யூடீச் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அனுபவம் மிக்க பள்ளி ஆசிரியர்களை அழைத்து, புதிய ஆசிரியருக்கு என்ன தேவை என்று அவர்களையே கேட்டுப் பாடத்திட்டத்தை வகுத்தது இத்திட்டத்தின் தனித்தன்மை. இயற்பியல் பேராசிரியர் மைக்கேல் மார்டர் போன்ற ஆராய்ச்சியாளர்கள் அதன் இணை இயக்குநர்களாகப் பொறுப்பேற்றனர்.

இத்திட்டத்தின் நுழைவாயில் மிகச் சிறியதாக அமைக்கப்பட்டது. முதல் பருவத்தில் ஒரே அலகு கொண்ட ஒரு பாடம். அதற்கான கட்டணத்தைத் திட்டமே ஈடுசெய்தது. அதில் சேரும் கணித, அறிவியல் மாணவர், வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு பாடக்குறிப்பு எழுதி, தொடக்கப்பள்ளி வகுப்பில் சில பாடங்களைத் தாமே நடத்துவார். அடுத்த பாடத்தில் நடுநிலைப் பள்ளியில் நடத்துவார். பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் இழப்பின்றி விலகலாம். ஆசிரியப் பணி தமக்குப் பொருந்துமா என்பதை நான்காம் ஆண்டின் இறுதிக் கற்பித்தல் பயிற்சியின்போதுதான் மாணவர் அறிந்துகொள்ளும் பழைய முறையை இது தலைகீழாக்கியது. பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு மின்சுற்றைச் செய்து காட்டும்போது பெறும் மகிழ்ச்சியோ தடுமாற்றமோ எந்த அறிவுரையைவிடவும் அவருடைய முடிவுக்கு உதவியது.

தொடரும் பாடங்களும் அறிவியலோடு பிணைந்தே வகுக்கப்பட்டன. மாணவர் கணிதத்தையும் அறிவியலையும் எவ்வாறு அறிகிறார் என்பதை ஆராயும் பாடம், வகுப்பறை உரையாடலை நுணுகிப் பார்க்கும் பாடம், அறிவியல் வரலாற்றுப் பாடம், சோதனையைத் தாமே திட்டமிட்டு நடத்தும் ஆராய்ச்சி முறைப் பாடம், சார்புகளையும் கணித மாதிரிகளையும் பள்ளிக் கணிதத்தின் நோக்கிலிருந்து ஆழமாகக் கற்கும் பாடம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இறுதியில் கூறியது, க்ளைன் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கோட்டிங்கனில் செய்ய முயன்றதையே வேறு வகையில் செய்கிறது. பள்ளிகளில் பல்லாண்டு கற்பித்து, பல்கலைக்கழகத்தில் முழுநேரப் பணியமர்ந்த முதுநிலை ஆசிரியர்கள் மாணவர்களை முதல் பருவம் முதல் பணியேற்கும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். பணியேற்றபின் தொடக்க ஆண்டுகளிலும் உதவி தொடர்ந்தது. பகுதிநேர வேலை தேடும் மாணவருக்கு உணவகத்துக்கு மாறாகப் பள்ளிகளிலும் கல்வித் தொண்டு அமைப்புகளிலும் ஊதியத்துடன் கூடிய பணி ஏற்பாடு செய்யப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. இங்கும் பணம் வழங்கப்பட்டது. ஆனால் அது கற்பித்தலோடு தொடர்புடைய வேலைக்கான ஊதியமாக, மாணவரை அப்பணியில் மேலும் ஈடுபடுத்தும் வழியாக அமைந்தது. 2007க்குப் பின் தனியார் அறக்கொடைகளின் உதவியோடு இம்மாதிரி நாற்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

துறைக்குள் எழுந்த பிற முயற்சிகள்

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரப் பல்கலைக்கழகம் வேறொரு வழியைத் தேர்ந்தது. முந்நூறு பேர் அமரும் விரிவுரை வகுப்புகளில் மாணவர் குழுவாக விவாதித்துக் கற்க வேண்டுமானால், குழுக்களிடையே நடமாடிக் கேள்வி கேட்டு வழிநடத்தும் துணைவர்கள் தேவை. முந்தைய ஆண்டில் அப்பாடத்தைச் சிறப்பாக முடித்த இளங்கலை மாணவர்களையே இப்பணிக்குச் சிறு ஊதியத்தில் நியமிக்கும் கற்றல் உதவியாளர் திட்டம் அங்கே 2003இல் தொடங்கியது. வலெரி ஒட்டேரோ, நோவா ஃபிங்கல்ஸ்டீன், ஸ்டீவன் போலக், ரிச்சர்டு மெக்ரே ஆகியோர் இதன் வடிவமைப்பாளர்கள். உதவியாளர் வாரந்தோறும் பாடப் பேராசிரியரோடு அமர்ந்து அடுத்த வாரப் பாடத்தைத் திட்டமிட வேண்டும். முதல் பருவத்தில் கல்வியியல் பாடம் ஒன்றையும் பயில வேண்டும். இவ்வாறு துறையின் அன்றாடக் கற்பித்தல் மேம்பட்டதோடு, ஆசிரியப் பணியை எண்ணிப் பாராத இயற்பியல் மாணவர் சிலர் அதில் தமக்கிருந்த ஈடுபாட்டை உணர்ந்து அப்பாதைக்குத் திரும்பினர். துறைக்கு உடனடிப் பயன் கிடைத்ததால் பேராசிரியர்களின் எதிர்ப்பும் குறைந்தது என்பதே இத்திட்டம் வேறு பல நாடுகளுக்கும் பரவியதன் காரணம் எனலாம். அறிவியல் ஆசிரியரை உருவாக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு, அது அறிவியல் துறைகளுடையதும்தான் என்று விடையளித்து 2006இல் சயன்ஸ் இதழில் இவர்கள் எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் கற்பிப்போருள் இயற்பியலிலோ இயற்பியல் கல்வியிலோ பட்டம் பெற்றவர் பாதிக்கும் குறைவு. இக்குறையை முன்னிட்டு அமெரிக்க இயற்பியல் சங்கமும் இயற்பியல் ஆசிரியர் சங்கமும் இணைந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கூட்டுத்திட்டத்தை நடத்தலாயின. அனுபவம் மிக்க பள்ளி ஆசிரியர் ஒருவர் ஓராண்டு பல்கலைக்கழக இயற்பியல் துறையிலேயே தங்கி, ஆசிரியராக விரும்பும் மாணவரை அடையாளம் காண்பதும் வழிகாட்டுவதும் இதன் மையக்கூறு. துறையின் நடைக்கூடத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் மதிப்போடு நடமாடுவதே மாணவருக்கு ஒரு செய்தியாக அமைந்தது.

உதவித்தொகையின் புதிய வடிவம்

2002 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், இன்டெல் நிறுவனத்தை உருவாக்கிய இருவருள் ஒருவரும் ஒருங்கிணைந்த மின்சுற்றைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவருமான ராபர்ட் நாய்ஸின் பெயரால் ஆசிரியர் உதவித்தொகைத் திட்டத்தை நிறுவியது. தேசிய அறிவியல் நிறுவனம் இந்நிதியை மாணவருக்கு நேரடியாக வழங்காமல் பல்கலைக்கழகத்துக்கு வழங்குகிறது. நிதி கேட்கும் பல்கலைக்கழகம் தன் அறிவியல் துறையும் கல்வியியல் துறையும் சேர்ந்து எத்தகைய பயிற்சியை அளிக்கப்போகின்றன என்பதை விளக்க வேண்டும். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரோ அதற்கு மேலோ கிடைக்கும். உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஈடாக இரண்டு ஆண்டுகள் தேவை மிகுந்த பள்ளி மாவட்டத்தில் கற்பிக்க வேண்டும். தவறினால் உதவித்தொகை கடனாக மாறும். வறுமை மிகுந்த, அல்லது பாடத்தகுதி இல்லாதவர் கற்பிக்கும், அல்லது ஆசிரியர் அடிக்கடி விலகும் மாவட்டங்களே தேவை மிகுந்தவை எனக் கொள்ளப்பட்டன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணமும் பயிற்சியும் தனித்தனியாக நின்றன. இங்கே பணத்துக்கே பயிற்சியின் வடிவம் நிபந்தனையாக்கப்பட்டது.

இதற்கு எதிர்மாறான அனுபவத்தை 2007இல் சட்டமான டீச் மானியம் தந்தது. ஆண்டுக்கு 4,000 டாலர் வரை மாணவருக்கு நேரடியாக வழங்கிய இத்திட்டம், எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் வறுமைப் பகுதிப் பள்ளிகளில் பற்றாக்குறைப் பாடங்களைக் கற்பிக்க வேண்டும் எனக் கேட்டது. ஆண்டுதோறும் சான்றுப் படிவம் அனுப்பத் தவறினாலும், தாமதித்தாலும் மானியம் தொடக்கத்திலிருந்தான வட்டியோடு கடனாக மாறியது. உரிய பள்ளிகளில் உண்மையாகவே கற்பித்துக்கொண்டிருந்த பலர் இவ்வாறு கடனாளியாக்கப்பட்டது 2018இல் செய்தியாக வெளிவந்தபின், அரசு அவர்களுக்கு மானியத்தை மீட்டளிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. இடையில் மாணவரை அறிந்த துறையோ வழிகாட்டியோ இல்லாமல் கணக்கு மட்டுமே இருக்கும்போது ஆதரவு எவ்வளவு எளிதில் தண்டனையாகிவிடும் என்பதை இது உணர்த்தியது.

தேசிய அறிவியல் கழகங்களின் சார்பில் நார்மன் அகஸ்டைன் தலைமையிலான குழு 2005இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்குப் பத்தாயிரம் கணித, அறிவியல் ஆசிரியரை நான்காண்டு உதவித்தொகையால் ஈர்க்க வேண்டும் என்பதைத் தன் முதல் பரிந்துரையாக வைத்து, ஆஸ்டின் திட்டத்தை முன்மாதிரியாகச் சுட்டியது. ஆனால் சமூகவியலாளர் ரிச்சர்டு இங்கர்சால் 2001 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இத்தகைய இலக்குகளின் குறையைக் காட்டின. பற்றாக்குறைக்குக் காரணம் புதியவர் வராததைக் காட்டிலும் வந்தவர் ஓய்வுக்கு முன்பே விலகுவதுதான் என்றும், பள்ளிச் சூழலும் நிர்வாகத்தின் துணையின்மையும் அவ்விலகலைத் தூண்டுகின்றன என்றும் அவர் நிறுவினார். பல்கலைக்கழகத்தின் ஆதரவு பட்டமளிப்பு விழாவோடு முடிந்துவிடக்கூடாது என்னும் முடிவுக்கு இது வழிவகுத்தது.

மைசூர் வரை நீண்ட கிளை

இவ்வரலாற்றின் ஒரு கிளை இந்தியாவுக்கும் நீண்டது. 1961இல் நிறுவப்பட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 1963இல் அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகளைத் தொடங்கியபோது, அமெரிக்க உதவியின்கீழ் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அறிவுரை பெறப்பட்டது. அறிவியல் பாடத்தையும் கற்பித்தல் பயிற்சியையும் தொடக்கம் முதலே ஒருங்கே அளிக்கும் நான்காண்டுப் பட்டப்படிப்பு இக்கல்லூரிகளின் சிறப்பு. மூன்றாண்டு பி.எஸ்சி., அதன்பின் பி.எட். என்னும் வழியே வழக்கமாயிருந்த தென் மாநிலங்களிலிருந்து, சென்னை மாநிலம் உட்பட, மாணவர் மைசூர்க் கல்லூரிக்குச் சென்று பயின்றனர். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவு வாழ்விலிருந்தும், பள்ளிகளிலிருந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றும் தனித்துக் கிடப்பதே அவற்றின் நலிவுக்குக் காரணம் என்று கூறியது க்ளைன் கண்ட துண்டிப்பின் இந்திய வடிவமே. ஆயினும் நான்காண்டுப் படிப்பு நெடுங்காலம் ஒரு சில நிறுவனங்களுக்குள்ளேயே நின்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதையே 2030க்குள் ஆசிரியருக்குரிய குறைந்தபட்சத் தகுதியாக்க விழைகிறது. இக்கொள்கையின்கீழ் புதிய ஒருங்கிணைந்த படிப்புகள் 2023-24 கல்வியாண்டில் தொடங்கின.

மைசூரின் அனுபவமும் ஆஸ்டினின் அனுபவமும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. மண்டலக் கல்லூரி, கற்பிக்கப் போகிறவருக்கெனத் தனியாகக் கட்டப்பட்ட நிறுவனம். அங்கே சேர்பவர் பதினேழு வயதிலேயே ஆசிரியராவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஆஸ்டின் ஏற்பாடோ வேறெதற்காகவோ கணிதம் பயில வந்தவரைச் சந்தித்து, அவர் முடிவை மாற்றிக்கொள்ள இடமளித்தது. பாடத்தையும் பயிற்சியையும் ஒருங்கிணைப்பது இரண்டுக்கும் பொது. பெரிய அறிவியல் துறைகளின் மாணவரிடையே ஆசிரியரைத் தேடுவது பின்னதற்கு மட்டுமே உரியது. ஒருங்கிணைந்த படிப்பை விரிவாக்கும் எந்த நாடும், அப்படிப்பு அறிவியல் துறைகளுக்கு உள்ளே அமையுமா, அவற்றுக்கு வெளியே இன்னொரு தனி நிறுவனமாகுமா என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும்.

பணத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிட இவ்வரலாறு இடந்தரவில்லை. கடனோ உதவித்தொகையோ இல்லாதிருந்தால் வறிய குடும்பத்து மாணவர் பலர் இந்தப் படிப்புகளுக்குள் நுழைந்திருக்கவே முடியாது. ஆனால் ஸ்புட்னிக் காலத்திலும், 1983க்குப் பின்னும், 2005க்குப் பின்னும் பற்றாக்குறை பற்றிய அச்சம் எழுந்தபோதெல்லாம் பணம் ஒதுக்கப்பட்டது. அச்சம் தணிந்தபோது சுருங்கியது. அரசியல் சூழலுக்கேற்ப ஏறியிறங்காமல் நின்றவை துறைகள் தம் அன்றாட நடைமுறையில் புகுத்திக்கொண்ட ஏற்பாடுகளே: முதலாண்டிலேயே வகுப்பறையைக் காட்டும் சிறு பாடம், துறையில் பணியமர்ந்த பள்ளி ஆசிரியர், சக மாணவருக்குக் கற்பிக்கும் ஊதியப் பணி, பணியேற்றபின் தொடரும் வழிகாட்டல். இவை ஒவ்வொன்றுக்கும் பேராசிரியரின் நேரமும் நிரந்தரப் பணியிடமும் தேவைப்படுகின்றன. ஆராய்ச்சி வெளியீட்டால் மட்டும் பேராசிரியரை மதிப்பிடும் பல்கலைக்கழகம் அவற்றை நெடுநாள் தாங்காது. எனவே ஒரு பல்கலைக்கழகம் வருங்கால ஆசிரியர்களுக்கு அளிக்கும் ஆதரவை மதிப்பிட விரும்புபவர், அது வழங்கும் உதவித்தொகையின் அளவோடு, அதன் கணிதத் துறையிலும் இயற்பியல் துறையிலும் இப்பணிக்கென ஊதியமும் பதவி உயர்வும் பெறுபவர் எத்தனை பேர் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.